கடைத்தெருவின் கதை – 9: ஸ்பென்சர் சரிந்தது எப்படி?

1799 மார்ச் மாதம். ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் கிளம்பிய கம்பெனிப் படை நம் கெலமங்கலத்தில் வந்து கூடாரம் அடித்தது. திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம்தான் அதன் இலக்கு. அந்தப் படைக்குப் பின்னால் ஒரு நடமாடும் கடைத்தெருவே வந்தது. பிரிஞ்சாரிகள் எருதுகளின் முதுகில் தானிய மூட்டைகளை ஏற்றி வந்தார்கள். சமையல்காரர்கள், சலவைக்காரர்கள், சில்லறை வியாபாரிகள் என்று சிப்பாய்களைவிடக் கூடுதலான கூட்டம். வெள்ளை அதிகாரிகளுக்கு அரிசியும் கேழ்வரகும் போதாது. சீமைச் சாராயம், தேயிலை, மெழுகுவத்தி எல்லாம் வேண்டும். எல்லாம் கப்பலில் வந்து, மாட்டு வண்டியில் மலையேறின.

திப்பு வீழ்ந்தார். 1809-ல் பெங்களூரில் கண்டோன்மெண்ட் அமைந்தது. படையெடுத்து வந்தவர்கள் குடியிருக்க ஆரம்பித்தார்கள். குடியிருப்பவனுக்கு நடமாடும் கடை எதற்கு? நிரந்தரமான கடைதான் வேண்டும். அந்தத் தேவையில் பிறந்து, வளர்ந்து, தென்னிந்திய வியாபாரத்தையே ஒரு நூற்றாண்டு ஆட்டிப்படைத்த ஒரு கடைதான் இந்த வாரம் நம் கதை. அதன் பெயர் ஸ்பென்சர் அண்ட் கோ.

மவுண்ட் ரோடு ராஜாங்கம்

1863-64 வாக்கில் சார்லஸ் டரண்ட், ஜே.டபிள்யூ. ஸ்பென்சர் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் மதராஸ் மவுண்ட் ரோட்டில் கூட்டுக் கடை வைத்தார்கள். டரண்ட் விலக, கடைக்கு ஸ்பென்சர் பெயரே நிலைத்தது. ஆனால் கடையைப் பேரரசாக்கியவர் ஸ்பென்சர் அல்லர். 1882-ல் அதை வாங்கிய யூஜின் ஓக்‌ஷாட். 1890களில் அவர் மவுண்ட் ரோட்டிலேயே பெரிய மனையில் புதுக் கட்டடம் எழுப்பினார். டபிள்யூ.என். போக்சன் வரைந்த இந்தோ-சாரசெனிக் பாணி, செங்கல் நிறம், வளைவுகள், கூம்பு முனைகள். உள்ளே எண்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகள். ஆசியாவிலேயே பெரிய கடை என்று பேர் வாங்கியது. 1897-ல் கம்பெனி பொதுப் பங்கு நிறுவனமும் ஆனது.

ஒரே கூரையின் கீழ் பல பிரிவுகள், ஒவ்வொரு சாமானிலும் எழுதி ஒட்டிய விலை, பேரம் கிடையாது. இந்த முறையை 1850களில் பாரிஸின் பான் மார்ஷே கடையில் பூசிகோ பெரிதாக வளர்த்துக் காட்டியிருந்தார். நம் சந்தையில் அன்றும் இன்றும் பேரம்தான் பேச்சு. விலை கேட்டுவிட்டு நாலு அடி நடந்தால்தான் வியாபாரி கூப்பிட்டு இறங்கிவருவார். அப்படிப்பட்ட ஊரில் சொன்ன விலைக்கு வாங்கு, இல்லையென்றால் போ என்று ஒரு கடை நூறு வருஷம் நடத்த முடிந்தது என்றால், அங்கே கிடைத்த சரக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பென்சரின் பலமும் இதுதான், பின்னால் அதைக் கவிழ்த்ததும் இதுதான்.

கை வைக்காத இடம் இல்லை

கடையோடு ஓக்‌ஷாட் நிற்கவில்லை. 1891-ல் பக்கத்திலேயே இருந்த கன்னிமரா ஹோட்டலை வாங்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் காலத்தில் பெங்களூரின் வெஸ்ட் எண்ட், உதகையின் சவாய், கொச்சியின் மலபார் ஹோட்டல்கள் எல்லாம் ஸ்பென்சர் குடைக்குள் வந்தன. தென்னக ரயில் நிலையங்களின் சிற்றுண்டி அறைகளையும் ஓடும் ரயிலின் சாப்பாட்டுப் பெட்டிகளையும் ஸ்பென்சர் நடத்தியது. திண்டுக்கல்லில் சுருட்டு ஆலை வைத்தது. ஸ்பென்சர் சோடா ஊர் ஊராகப் போனது. மருந்துக் கடையும் உண்டு.

கிளைகள் எங்கெங்கே? வெள்ளைக்காரர் எங்கெல்லாம் கூட்டமாக இருந்தார்களோ அங்கெல்லாம். பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒன்று, உதகையில் ஒன்று, திருவனந்தபுரத்தில் ஒன்று. திருவனந்தபுரத்தில் அந்த நாற்சந்திக்கு இன்றைக்கும் ஸ்பென்சர் ஜங்ஷன் என்றுதான் பெயர். நம் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்கு மதராஸைவிடப் பெங்களூர்தானே எப்போதும் கிட்டத்து ஊர்? சீமைச் சாமான் வேண்டிய துரைமார்களுக்கு அந்தக் கண்டோன்மெண்ட் கிளைதான் கைக்கெட்டும் ஸ்பென்சர்.

கம்பெனியின் தலைமையில் இருந்த ஜான் ஓக்‌ஷாட் ராபின்சன் 1920களில் புத்தகக் கடையான ஹிக்கின்பாதம்ஸையும், மெட்ராஸ் மெயில் பத்திரிகையையும் வாங்கினார். மதராஸ் மாகாணத்தில் ஓர் ஆங்கிலேயர் காலையில் படித்த பேப்பர், மத்தியானம் குடித்த சோடா, சாயங்காலம் பிடித்த சுருட்டு, ராத்திரி ரயிலில் சாப்பிட்ட சாப்பாடு, போய் இறங்கிய ஹோட்டல் எல்லாமே ஒரே வட்டத்தாரின் கைக்குள் இருக்கலாம் என்ற நிலை அது.

முதல் அடி விழுந்தது நம் ஜில்லாவில்

1937 அக்டோபர் 1. மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி, மதுவிலக்கை முதன்முதலாக ஒரு ஜில்லாவில் அமல்படுத்திப் பார்த்தார். அந்த ஜில்லா அவருடைய சொந்த மாவட்டமான சேலம். அன்றைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தன. 1965-ல்தான் தர்மபுரி தனி மாவட்டம் ஆனது, 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆக, இந்தியாவின் பெரிய மதுவிலக்குச் சோதனை முதலில் நடந்த மண்ணில் கெலமங்கலமும் அடக்கம்.

கள்ளுக் கடை மூடியது நம் பெரியவர்கள் நினைவில் நின்ற செய்தி. மவுண்ட் ரோட்டு முதலாளிகளுக்கு இது வேறு மாதிரிக் கேட்டிருக்கும். சீமைச் சாராயமும் திராட்சை மதுவும் ஸ்பென்சரின் முக்கியமான சரக்கு. ஹோட்டல்களுக்கும் ரயில் சாப்பாட்டுப் பெட்டிகளுக்கும் அதுதான் லாபம் தரும் பண்டம். மதுவிலக்கு ஜில்லா ஜில்லாவாகப் பரவி, போர்க்காலத்தில் தளர்ந்து, 1948-ல் மாகாணம் முழுவதையும் மூடியது. அதற்குப் பிறகு பெர்மிட் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் விற்பனை.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. பல வருஷம் கழித்துத் தமிழ்நாட்டில் மது திரும்பி வந்தபோது, அந்த வியாபாரம் பழைய கைக்குப் போகவில்லை. 1983-ல் அரசே டாஸ்மாக் நிறுவனத்தைத் தொடங்கி மொத்த விற்பனையை எடுத்துக்கொண்டது. 2003-ல் சில்லறையையும் எடுத்துக்கொண்டது.

ரயிலும் கப்பலும் கைவிட்டன

1947-ல் வாடிக்கையாளரே கப்பல் ஏறிப் போனார். ராணுவ அதிகாரிகள், ஐ.சி.எஸ். துரைமார்கள், கம்பெனி மானேஜர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். மலைத் தோட்டங்களில் இருந்த வெள்ளையர்கள் இன்னும் சில காலம் தங்கினார்கள். அவ்வளவுதான்.

அடுத்து ரயில். சுதந்திரத்துக்குப் பிறகு ரயில் சாப்பாட்டைத் தனியார் குத்தகைக்காரர்களிடம் விட்டுவைப்பதா என்ற கேள்வி எழுந்தது. ரயில்வே துணை அமைச்சராக இருந்த செங்கற்பட்டு ஓ.வி. அளகேசன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1955 முதல் ரயில்வே தானே சமையலறை நடத்தத் தொடங்கியது. பெரிய குத்தகைகள் படிப்படியாகக் கைமாறின. மாகாணம் முழுக்க ஒரு கம்பெனி பரிமாறிய காலம் முடிந்தது.

மூன்றாவதுதான் பெரிய அடி. போர்க்காலத்தில் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடு, 1947-ல் தனிச் சட்டமாகவே ஆனது. 1957-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது கதவு இன்னும் இறுகியது. பிஸ்கட், ஜாம், சீஸ், ஷேவிங் சாமான், பீங்கான், கைக்கடிகாரம், இப்படி ஸ்பென்சர் அலமாரிகளை நிரப்பியவை எல்லாம் அரசின் கண்ணில் ஆடம்பரப் பொருள்கள். உள்நாட்டிலேயே செய்யக்கூடியதை வெளிநாட்டிலிருந்து வாங்க லைசென்ஸ் கிடையாது. வேறெங்கும் கிடைக்காத சரக்குதான் இந்தக் கடையின் பலம் என்று சொன்னோமே, அந்தச் சரக்கு இப்போது இங்கேயும் கிடைக்கவில்லை. கிடைத்த இந்திய பிஸ்கட்டும் இந்திய சோப்பும் கெலமங்கலம் கடைவீதி மளிகைக் கடையிலும் கிடைத்தன. அதற்கு எவன் மவுண்ட் ரோடு வரை போவான்?

ஒரே தடை, இரண்டு விதி

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஸ்பென்சரின் வீழ்ச்சியை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளையர் போனதையும் பிற்பாடு நடந்த தீ விபத்தையும் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் அதே மவுண்ட் ரோட்டில், அதே வெள்ளையர் நிழலில் பிறந்த வேறு கம்பெனிகள் பிழைத்தனவே, எப்படி?

சிம்சனை எடுத்துக்கொள்வோம். 1840-ல் கோச்சு வண்டி கட்டும் பட்டறையாகத் தொடங்கியது. அதன் தலைமைக்கு வந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் வெள்ளைக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கி அமால்கமேஷன்ஸ் குழுமமாகச் சேர்த்தார். 1945-ல் அவர் வாங்கியவற்றில் ஸ்பென்சரின் ராபின்சன் வைத்திருந்த ஹிக்கின்பாதம்ஸும் மெட்ராஸ் மெயிலும் அடக்கம். வெளியிலிருந்து வரும் எந்திரத்தை விற்பதைவிட இங்கேயே செய்வது மேல் என்று அவர் முடிவெடுத்தார். டீசல் எஞ்சின், அப்புறம் 1960-ல் டாஃபே டிராக்டர். நம் பக்கத்து வயலில் ஓடுகிற மாஸி பெர்குசன் வண்டியைக் கேளுங்கள், அதன் வேர் மவுண்ட் ரோட்டில் இருக்கும்.

மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்காரின் கம்பெனி இன்னொரு உதாரணம். பேருந்து ஓட்டி, பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்ற ஏஜென்சி அது. ஸ்பென்சரைப் போலவே வெளிநாட்டுச் சரக்குக்கு இங்கே கடை. இறக்குமதி நின்றபோது டி.வி.எஸ். குடும்பம் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் இறங்கியது. 1962-ல் பாடியில் சுந்தரம் கிளேட்டன் பிரேக் தயாரிக்க ஆரம்பித்தது. அதே சுந்தரம் கிளேட்டனின் மொபெட் பிரிவுதான் ஓசூருக்கு வந்து 1980-ல் டி.வி.எஸ். 50 வண்டியை ரோட்டில் இறக்கியது. பால் கேனும் கீரைக் கட்டும் கட்டிக்கொண்டு கெலமங்கலம் ரோட்டில் ஓடிய வண்டி.

கைக்கடிகாரம் இதைவிடத் தெளிவான சாட்சி. சுவிட்சர்லாந்துக் கடிகாரத்தைப் பெரிய ஆங்கிலேயக் கடைகள் விற்ற காலம் ஒன்று. 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரம் செய்யத் தொடங்கியது. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. தொழிற்சாலைக்குப் பிடித்த இடம் ஓசூர். அவர்கள் தயாரித்த கடிகாரத்தை அவர்களே ஷோரூம் போட்டு விற்றார்கள். நடுவில் ஒரு பெரிய பலசரக்கு மாளிகை தேவைப்படவில்லை.

ஆக, ஓசூர் சிப்காட்டுக்கு வழிவிட்ட அதே கொள்கைதான் ஸ்பென்சரின் அலமாரியைக் காலியாக்கியது. இறக்குமதித் தடை யாருக்கும் தனியாக எழுதப்பட்ட தண்டனை அல்ல. செய்யத் தெரிந்தவனுக்கு அது வாய்ப்பு. வாங்கி விற்க மட்டும் தெரிந்தவனுக்கு அது முடிவு. சுருட்டும் சோடாவும் செய்யத் தெரிந்த ஸ்பென்சர், அதைத் தாண்டிப் பெரிதாக எதையும் செய்யப் புறப்படவில்லை. வசதியான காலத்தில் வந்த வருமானம் கட்டடத்திலும் ஹோட்டலிலும் போய் உட்கார்ந்தது.

கூட்டம் பனகல் பூங்கா பக்கம் போனது

வெள்ளையர் இடத்தை உள்ளூர் மத்தியதர வர்க்கம் நிரப்பியிருக்கலாமே என்று கேட்கலாம். அந்த வர்க்கம் வளர்ந்தது உண்மை. ஆனால் அவர்கள் கடைக்குப் போனது வேறு திசையில். 1920களில் உருவான தியாகராய நகரில் 1928-லேயே நல்லி சின்னசாமி செட்டியார் பட்டுக்கடை தொடங்கிவிட்டார். திருவல்லிக்கேணியில் 1904 முதல் நடந்த கூட்டுறவுப் பண்டகசாலை மாதச் சம்பளக்காரரின் மளிகையைப் பார்த்துக்கொண்டது. 1970 வாக்கில் ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் பாத்திரக் கடையாகத் தலைதூக்கியது. கல்யாணத்துக்குப் பட்டு, பாத்திரம், நகை, மளிகை நான்கும் நடந்து போகும் தூரத்தில் கிடைத்தன. உயரமான மர கவுண்டருக்குப் பின்னால் நின்று ஆங்கிலத்தில் பேசும் விற்பனையாளரிடம் போய்த் தாலிக்கு மஞ்சள் கயிறு கேட்க முடியுமா?

ஸ்பென்சரில் நிகழ்ந்த கௌரவமான தாமதம் இதுதான். பழைய வாடிக்கையாளர் திரும்பி வருவார் என்பதுபோல் கடை பழைய மாதிரியே நின்றது. வந்தவர்கள் சிலர், அதுவும் பழக்கத்துக்காக வந்தவர்கள்.

தீ வந்தது, மனை மிஞ்சியது

1983-ல் மவுண்ட் ரோட்டு ஸ்பென்சர் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. செங்கல் வளைவுகள் கரிந்து நின்ற காட்சியை மதராஸ்வாசிகள் வெகுகாலம் பேசினார்கள். ஒரு நூற்றாண்டுக் கடை எரிந்தால் மறுபடி கடையைக் கட்டத் தோன்ற வேண்டும். இங்கே அந்த எண்ணம் எழவில்லை. கடையைவிட அது நின்ற மனைக்கு மதிப்பு எப்போதோ ஏறிவிட்டிருந்தது.

1980களிலேயே கன்னிமரா, வெஸ்ட் எண்ட், சவாய் ஹோட்டல்களின் நிர்வாகம் தாஜ் குழுமத்தின் கைக்குப் போய்விட்டது. 1989-ல் ஸ்பென்சர் கம்பெனியையே கல்கத்தாவின் ஆர்.பி.ஜி. குழுமம் வாங்கியது. எரிந்த மனையில் ஸ்பென்சர் பிளாசா எழுந்து, 1990களின் தொடக்கத்தில் திறந்தது. பார்த்தவர்களெல்லாம் வாய்பிளந்த வணிக வளாகம். ஓசூரிலிருந்து மதராஸ் போனவர்கள் அங்கே நகரும் படிக்கட்டில் ஏறிப் பார்க்காமல் ஊர் திரும்பியதில்லை.

ஆனால் அதன் கடைகள் தனித்தனியாகப் பலருக்கு விற்கப்பட்டன. நூற்றுக்கணக்கான சொந்தக்காரர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பம். வளாகத்தை ஒரே கையில் வைத்து எந்தக் கடை எங்கே வரவேண்டும், எதை எப்போது மாற்ற வேண்டும் என்று முடிவெடுக்க ஆளில்லை. 2006-ல் சிட்டி சென்டர், 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-ல் வேளச்சேரி ஃபீனிக்ஸ் என்று ஒரே நிர்வாகத்தில் நடக்கும் மால்கள் வந்ததும் பிளாசாவில் கூட்டம் குறைந்தது. ஸ்பென்சர் என்ற பெயரில் நடந்த இரண்டாவது சரிவு அது.

பெயர் மட்டும் பயணம் போனது

மூன்றாவது சரிவும் உண்டு. ஆர்.பி.ஜி. குழுமம் 1996-ல் சென்னையில் ஃபுட்வேர்ல்டு என்ற பெயரில் நவீன மளிகைக் கடை தொடங்கியது. நாமே கூடை எடுத்துக்கொண்டு அலமாரியிலிருந்து சாமான் எடுக்கும் முறையைத் தென்னிந்தியாவில் பரவலாக்கிய கடைகளில் அதுவும் ஒன்று. ஹாங்காங்கின் டெய்ரி ஃபார்ம் கம்பெனி கூட்டாளியாகச் சேர்ந்தது. சில வருஷத்தில் கூட்டு முறிந்தது. ஃபுட்வேர்ல்டு பெயர் ஒரு பக்கம் போக, தன் பங்குக்கு வந்த கடைகளுக்கு ஆர்.பி.ஜி. ஸ்பென்சர்ஸ் என்ற பழைய பெயரையே சூட்டியது. இந்தியா முழுக்கக் கிளைகள். 2019-ல் தனிக் கம்பெனியாகப் பங்குச்சந்தையில் இடம்பிடித்ததோடு, மும்பையின் நேச்சர்ஸ் பாஸ்கெட்டையும் 300 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

நஷ்டம் விடவில்லை. 2024-ல் தில்லி சுற்றுவட்டாரம், ஆந்திரம், தெலங்கானா கடைகளை மூடிவிட்டு மேற்கு வங்கத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் கவனம் செலுத்த அது முடிவு செய்தது. மவுண்ட் ரோட்டில் பிறந்த பெயருக்கு இன்று தலைமையிடம் கொல்கத்தா.

உலகத்தில் இது ஸ்பென்சருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவையே தபால் பட்டியலில் கட்டி ஆண்ட சியர்ஸ் 2018-ல் திவால் மனு கொடுத்தது. இங்கிலாந்தின் டெபன்ஹாம்ஸ் 2021-ல் கடைசிக் கடையையும் மூடியது. அவற்றின் எதிரிகள் தள்ளுபடிக் கடைகளும் இணையமும். ஸ்பென்சரின் சரிவு அவற்றுக்கு முப்பது நாற்பது வருஷம் முந்தியது. காரணமும் வேறு. அதை வீழ்த்திய போட்டிக் கடை என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. மது, ரயில் குத்தகை, இறக்குமதி ஆகிய மூன்றும் அரசாங்கத்தின் தயவில் கிடைத்த வியாபாரங்கள். ஆண்ட அரசு மாறியதும் தயவும் மாறியது.

தீ எரித்தது கட்டடத்தை மட்டும்தான். கடை அதற்கு இருபத்தாறு வருஷம் முன்பே, 1957-லேயே தோற்றுவிட்டது. சொந்தச் சரக்கு இல்லாமலும் சொந்த மக்களை வாடிக்கையாளராக்காமலும் சலுகையை நம்பி நடக்கும் வியாபாரம், எவ்வளவு பெரிய மாளிகையில் நடந்தாலும் சலுகை இருக்கும்வரைதான் நடக்கும். இதுதான் ஸ்பென்சர் கதையின் தீர்ப்பு.

அடுத்த இதழில், சலுகை எதுவும் இல்லாமல் 1997-ல் திருவான்மியூரில் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கி, நாடு முழுக்க 1,600-க்கும் மேற்பட்ட கடைகளாகப் பெருகி, 2009-ல் ஒரேயடியாக ஷட்டரை இறக்கிய சுபிக்ஷாவைப் பார்ப்போம்.

(தொடரும்)